வன்தட்டா, வெறுந்தட்டா?

“மீதி இடமெல்லாம் காலி சார். மொத்தமாக ஃபார்மேட் போட்டுத் தந்துவிடட்டுமா?”

2025ஆம் ஆண்டு ஆடி மாதத்து நடுப்பகல் ஒன்றில், புதுச்சேரியில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்ட இளைஞர் மரியாதையாகத்தான் கேட்டார். எங்களில் ஒருவர் ‘சரி’ என்று சொல்ல வாயெடுத்தும்விட்டார். சொல்லியிருந்தால் பதின்மூன்று ஆண்டு உழைப்பைக் கூலி கொடுத்து அழித்த பெருமை எங்களுக்கு வாய்த்திருக்கும். ஆகவே இக்கட்டுரை தொடுக்கும் வழக்கு அந்த இளைஞர்மீதன்று. சுவடியியலையும் பதிப்பியலையும் வகுப்பில் நடத்திவிட்டு, தம் கையிலிருக்கும் சுவடியைக் கடைக்காரர் முன் நீட்டி ‘நீங்களே பார்த்துச் செய்யுங்கள்’ என்று நிற்கும் எங்கள்மீதும், எங்களைப் போன்ற எல்லா இலக்கிய அன்பர்கள்மீதும்தான்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் ஐவர். மூவர் கல்லூரியில் தமிழ் பயிற்றுவிப்பவர்கள். ஒருவர் அஞ்சல்துறையில் பணி ஓய்வு பெற்றவர். இன்னொருவர் அச்சகம் நடத்தி நொடித்தவர். 2011 டிசம்பர் 30ஆம் நாள் அதிகாலையில் தானே புயல் இந்த ஊரைப் புரட்டிப் போட்டபோது, கூரை பிய்ந்த வீடுகளிலிருந்து நனைந்த புத்தகக் கட்டுகளை வெயிலில் உலர்த்தியபடி நாங்கள் எடுத்த முடிவு, கையிலிருக்கும் சிற்றிதழ்களை ஒளிவருடி வைத்துவிடுவது என்பது. 2012இல் தொடங்கினோம். ஞாயிறுதோறும் ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு பழைய வருடி, தேநீர், ஓயாத சச்சரவு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் முந்நூறு நானூறு படிகள் அச்சாகி, சந்தா தீர்ந்ததும் மூச்சு நின்றுபோன இதழ்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, இதழ்ப்பெயர், ஆண்டு, மாதம், பக்க எண் என்று ஒவ்வொரு கோப்புக்கும் பெயரிட்டு, ஒரு புற வன்தட்டில் சேர்த்தோம். இரண்டு டெராபைட் தட்டு அது. அதை இரண்டு பார்ட்டிஷன்களாகப் பிரித்து, ஒன்றில் பொதுச் சரக்கையும் மற்றொன்றில் ‘இதழ்கள்’ என்ற பெயரில் இந்தச் சேகரத்தையும் வைத்தோம்.

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டியே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரில் நண்பரின் வீட்டுத் தரைத்தளத்தில் இடுப்பளவு நீர் நின்றது. மூல இதழ்களில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. நீர் வடிந்தபின் எடுத்தது காகிதக் களி. அப்போது நாங்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்ட வாசகம் இன்றும் காதில் ஒலிக்கிறது: “போகட்டும், வன்தட்டில்தான் இருக்கிறதே.”

அடுத்த ஆடியில் அந்த வன்தட்டில் ‘இதழ்கள்’ இல்லை.

காரணம் எளிது. கல்லூரித் துறைக் கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவப் புகுந்த மாணவர் ஒருவர், புற வன்தட்டு அதில் செருகியிருப்பதைக் கவனிக்கவில்லை. நிறுவல் திரையில் எண்களாக மட்டும் வரிசையிட்டு நின்ற பார்ட்டிஷன்களுள் ஒன்றைக் கணினியினுடையது என்று எண்ணி நீக்கினார்; அது எங்களுடையது. சில நாள் கழித்து, காலியாகத் தெரிந்த அந்த இடத்தில் நூறு ஜிபி அளவுக்கு ஒரு புதிய பார்ட்டிஷன் உருவாக்கி, கல்லூரி விழாவின் காணொளிகளை அதில் ஏற்றி வைத்தார். இரண்டாவது செயல்தான் கேடு செய்தது. முதல் செயல் உண்மையில் எதையும் அழிக்கவில்லை. இந்த வேறுபாட்டை எங்கள் ஐவரில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை என்பதே இக்கட்டுரை எழுத நேர்ந்ததன் காரணம்.

*

பார்ட்டிஷன் என்பதற்குக் கலைச்சொல்லாக்கக்காரர்கள் பிரிவு என்றும் பகிர்வு என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் குடும்பங்களில் அதற்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: பாகப் பிரிவினை. தாத்தா காலத்து ஐந்து காணி நிலத்தை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொள்கிறார்கள். மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எது யாருடையது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பத்திரத்தில் மட்டும் எழுதப்படுகிறது. பத்திரம் தொலைந்தால் தொல்லைதான். ஆனால் நிலம் கரைந்துபோவதில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. காரைக்கால், மாகே, ஏனாம் என்று எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் துண்டுகளைச் சேர்த்து ஓர் ஆட்சிப்பகுதி என்கிறோம். அதுகூடப் போகட்டும், புதுச்சேரிப் பகுதியே ஒரே பரப்பன்று. பேருந்தில் சில கல் தொலைவு போவதற்குள் தமிழ்நாடு வரும், போகும், மறுபடி புதுச்சேரி வரும். வயலில் கோடு ஏதும் தெரியாது. எல்லை முழுவதும் ஆவணத்தில் இருக்கிறது.

பழைய முறைப்படி அமைந்த வன்தட்டில் இந்த ஆவணம் எத்தனை சிறியது என்பதை அறிந்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. தட்டின் முதல் கூறு 512 பைட்டுகள் கொண்டது. எம்பிஆர் என்று அதற்குப் பெயர். அதில் 446 பைட்டுகள் கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலுக்கு. கடைசி இரண்டு பைட்டுகள் முத்திரைக்கு. இடையிலுள்ள 64 பைட்டுகளே பாகப் பிரிவினைப் பத்திரம். ஒரு பாகத்துக்கு 16 பைட்டுகளாக நான்கு பாகங்கள் எழுத இடமுண்டு. இரண்டு டெராபைட் சேகரம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல, ஒரு வெண்பாவுக்குக்கூடப் போதாத இடம்! மாணவர் ‘நீக்கு’ என்று அழுத்தியபோது துடைக்கப்பட்டது அந்த நான்கு வரிகளில் ஒரு வரி. விண்டோஸ் அந்த வரியைக் காணாமல் ‘ஒதுக்கப்படாத இடம்’ என்று அறிவித்தது. அதைப் படித்தவர்கள் ‘காலி இடம்’ என்று பொருள் கொண்டார்கள். ஒதுக்கப்படாதது வேறு, காலியானது வேறு. தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சொற்பொருள் வேறுபாடாவது உறைத்திருக்க வேண்டாமா?

பின்னாளில் வந்த ஜிபிடி என்னும் முறை இந்த வகையில் சற்றுப் பெருந்தன்மையானது. பத்திரத்தின் ஒரு படியைத் தட்டின் தொடக்கத்திலும் இன்னொரு படியை இறுதியிலும் வைக்கிறது. எழுதியவர்கள் யாரோ, சொத்து வழக்கில் அடிபட்டவர்களாக இருக்க வேண்டும்.

இதே இடத்தில் இன்னும் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும். கடைக்குப் போகுமுன் அரைமணி நேரம் பொறுமை காத்தவர்கள் பலர் தப்பியிருக்கிறார்கள். காணாமற்போனதாகத் தோன்றும் பார்ட்டிஷன் சில வேளை காணாமலே போயிருக்காது. விண்டோஸ் அதற்கு ஓர் எழுத்தை, டி என்றோ ஈ என்றோ, ஒதுக்க மறந்திருக்கும். வட்டு மேலாண்மைத் திரையில் அது முழுசாக நிற்கும். எழுத்தை ஒதுக்கினால் போதும். யுஎஸ்பி கம்பி நைந்திருக்கலாம், மின்சாரம் போதாதிருக்கலாம். லினக்ஸிலோ ஆப்பிளிலோ பிரிக்கப்பட்ட தட்டாயின் விண்டோஸுக்கு அந்த மொழியே தெரியாது. புறப்பெட்டி கெட்டுவிட்டதென்று தட்டைக் கழற்றி நேரே கணினியில் பொருத்தினால், பெட்டி ஒரு கணக்கில் 4096 பைட்டுகளாக எண்ணியதைக் கணினி 512 ஆக எண்ணி, எல்லையெல்லாம் எட்டு மடங்கு பிசகி, ஒன்றும் இல்லை என்று சாதிக்கும். தட்டு ‘டக், டக்’ என்று ஒலித்தால் மட்டும் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். அது உறுப்பு நோய், மென்பொருளால் தீராது.

*

உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடி தேடிப் போன கதையை ‘என் சரித்திர’த்தில் படித்திராத தமிழாசிரியர் இருக்க மாட்டார். வரதுங்கராம பாண்டியன் காலத்து ஏடுகள் அங்கே இருந்தன என்று கேட்டுப் போகிறார். கோயிலைச் சேர்ந்தவர், பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட வேண்டும் என்று சாத்திரம் சொல்வதாகவும், அவ்வாறே செய்துவிட்டதாகவும் சொல்கிறார். இந்தப் பகுதியை நடத்தும்போது வகுப்பே கொதிக்கும். நாங்களும் கொதிப்போம். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளைச் சொல்லி நொந்துகொள்வோம். அறியாமை, மூடப் பழக்கம் என்றெல்லாம் கரும்பலகையில் எழுதுவோம்.

அந்தக் கோயில்காரருக்கும் எங்களுக்கும் என்ன வேறுபாடு? அவர் நெய் ஊற்றினார். நாங்கள் ஃபார்மேட் போட இருந்தோம். அவருக்குச் சாத்திரம் சொல்லிற்று. எங்களுக்குத் திரை சொல்லிற்று. ‘இந்தத் தட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று கணினி கேட்கும் வாசகத்தை அறிவுரை என்று எடுத்துக்கொள்வதைவிடப் பெரிய மூடநம்பிக்கை இன்றைய வீடுகளில் வேறொன்று இல்லை. கணினி அங்கே சொல்வது ‘எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை’ என்பது மட்டுமே. படிக்கத் தெரியாதவன் ‘ஏட்டை எரித்துவிடலாமா’ என்று கேட்கிறான், நாம் தலையசைக்கிறோம்.

அதிலும் விரைவு ஃபார்மேட் என்றால் ஓரளவு பிழைக்கலாம். அது புதிய அட்டவணையை எழுதுவதோடு நிற்கும். முழு ஃபார்மேட் அப்படியன்று. 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா தொடங்கி, முழு ஃபார்மேட் தட்டின் மூலைமுடுக்கெல்லாம் சுழியம் எழுதிச் செல்கிறது. அதன்பின் எந்த மீட்பரும் மீட்க மாட்டார். எஸ்எஸ்டி வகைச் சேமிப்பானாக இருந்தாலோ, நீக்கப்பட்ட இடத்தை அது தானே பின்னணியில் துடைத்துவிடுவதுண்டு; ‘நீக்கியது போகவில்லை’ என்ற ஆறுதல் அங்கே செல்லாது. எங்களுடையது சுழலும் பழைய தட்டு என்பது எங்கள் நல்வினை.

இதே மூடநம்பிக்கையின் இன்னொரு உருவத்தை இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய தலைமுறை நன்கு அறியும். டிஸ்கியிலும் டாபிலும் பாமினியிலும் எழுதிவைத்த கோப்புகளைப் புதுக் கணினியில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் இரைச்சல் தெரியும். ‘வைரஸ் புகுந்துவிட்டது’ என்று அவற்றை நீக்கியவர்களை எங்களுக்கு நேரில் தெரியும்; அவர்களுள் ஒரு நாவலாசிரியரும் உண்டு. எழுத்துருவை மாற்றினால், அல்லது குறிமாற்றி ஒன்றின் வழியே ஒருங்குறிக்குக் கொண்டுவந்தால், அத்தனையும் தமிழ். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இணைமதி, டிஸ்கி, ஒருங்குறி என்று ஒவ்வொரு படியிலும் தன் நூல்களைச் சுமந்து ஏற்றியது. யாரோ உட்கார்ந்து செய்தார்கள். படிக்க முடியாததை இல்லாதது என்று அவர்கள் கொள்ளவில்லை.

*

‘இலக்கியவாதிகளுக்கு இதெல்லாம் எதற்கு? தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட வேண்டியதுதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் நண்பர்கள் வட்டத்திலேயே பலர். ‘நமக்கு டெக்னாலஜி வராதுங்க’ என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் வெட்கத்தைக் காணோம். ஒருவித மலர்ச்சியைக் காண்கிறோம். கவிதை வரும் கைக்குக் கம்பி செருக வராது என்பது ஓர் உயர்குலச் சான்றிதழ்போல. இந்த மலர்ச்சியைத்தான் நாங்கள் தாக்க விரும்புகிறோம்.

நம் மரபில் இப்படியொரு பிரிவினை இருந்ததில்லை. ஏடு வாருதலும் துளையிட்டுக் கயிறு கோத்தலும் மையாடுதலும் கற்றவனுக்குப் புறம்பான வேலைகளாக இருக்கவில்லை. பையனுக்கு அரிச்சுவடியோடு எழுத்தாணி பிடிக்கவும் கற்பித்தார்கள். விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் ஏட்டில் தடவத் தெரியாதவன் புலவனாக முடிந்ததா? ஐயரும் தாமோதரம் பிள்ளையும் சிதலரித்த ஓலையின் ஓரத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தால், கலித்தொகையும் சிந்தாமணியும் புறநானூறும் 1887க்கும 1894க்கும் இடையிலான அந்தச் சில ஆண்டுகளில் அச்சேறியிருக்குமா? சேமிப்பின் நுட்பம் அவர்களுக்குப் புலமையின் ஒரு பகுதி. நமக்கு அது ‘சர்வீஸ் சென்டர்’ வேலையாகிவிட்டது.

எங்களைக் காப்பாற்றியவர் கடைக்காரர் அல்லர். அச்சகம் நொடித்த நண்பர். எழுத்துக் கோப்பவராகத் தொழில் தொடங்கியவர். அட்டவணை கலைந்தாலும் எழுத்து பெட்டியில்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்குத் தொழில்வழி வந்தது. “யாரும் தொடாதீர்கள்” என்று தட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மூன்று இரவுகள் படித்தார். பிறகு எங்களை அழைத்தார்.

முதல் வேலையாக, மூலத்தட்டில் எதையும் எழுதாமல், அதன் முழு நகலைப் பெரிய தட்டொன்றில் எடுத்தார். டிடிரெஸ்க்யூ என்னும் இலவசக் கருவி அதற்கு உதவியது. ஒவ்வொரு கூறாகப் படித்து, படிக்க வராததைக் குறித்துவைத்து, மறுபடி வந்து முயலும். இதற்கே ஒரு பகலும் ஓர் இரவும் ஆயின. இனிச் செய்வதெல்லாம் நகலில், மூலத்தட்டு பீரோவுக்குள். எங்கள் துறையில் இதை நாங்கள் மாணவர்களுக்குப் பாடமாகவே சொல்கிறோம்: மூலச்சுவடியில் திருத்தாதே, படியெடுத்து அதில் திருத்து. அச்சகக்காரர் வாயால் கேட்டபோது வேறுவிதமாக இருந்தது.

அடுத்து டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்தோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி இலவசமாகத் தந்திருக்கும் மென்பொருள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அழகேதும் இல்லை. தட்டு முழுவதையும் துழாவி, பழைய பாகங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்ற தடயங்களைப் பொறுக்கி, தொலைந்த பத்திரத்தை மறுபடி எழுதித் தருவது அதன் தொழில். பலருக்கும் கதை இங்கேயே இனிதாக முடிந்துவிடும். பார்ட்டிஷன் நீக்கப்பட்டது மட்டுமே நிகழ்ந்திருந்தால் பத்து நிமிட வேலை. எங்கள் தட்டிலும் ‘இதழ்கள்’ இருந்த எல்லையை அது கண்டுபிடித்தது. என்டிஎஃப்எஸ் முறை தன் தொடக்கக் கூற்றின் ஒரு படியைப் பார்ட்டிஷனின் கடைசிக் கூற்றில் வைத்திருக்கும், அந்தப் படி பிழைத்திருந்தது. நாங்கள் கைதட்டினோம். கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னபோது, கோப்பு முறைமை பழுதுபட்டிருக்கிறது என்று ஒரு வரி வந்தது.

மாணவர் உருவாக்கிய புதிய பார்ட்டிஷன் தன் கோப்பு அட்டவணையைப் பழைய அட்டவணையின் தலைமீதே எழுதியிருந்தது. விழாக் காணொளிகளும் சில இதழ்களின்மேல் உட்கார்ந்துவிட்டன. எந்தக் கோப்பு எந்தப் பெயரில் எந்த அடைவில் இருந்தது என்று சொல்லும் ஏடு இனிப் படிக்கும் நிலையில் இல்லை.

எஞ்சியது கடைசி வழி. அதே ஆசிரியரின் ஃபோட்டோரெக் என்ற துணைக்கருவி அட்டவணையைத் தேடுவதில்லை. தட்டின் ஒவ்வொரு கூற்றையும் பார்த்து, ‘இது ஒரு படத்தின் தொடக்கம்போல் இருக்கிறதே’ என்று முகம் கண்டு எடுத்துத் தரும். முகம் மட்டும்தான், பெயர் தராது. எஃப் என்ற எழுத்தும் அந்தக் கோப்பு தட்டில் கிடந்த கூற்றின் எண்ணுமே அதன் பெயர். இரண்டு நாள் ஓடியது. பல்லாயிரம் பக்கங்கள் வந்து குவிந்தன. அத்தனையும் எங்கள் பக்கங்கள், ஒன்றுக்கும் பெயரில்லை.

கயிறறுந்த சுவடிக்கட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலை விளங்கும். ஓலை ஒவ்வொன்றும் முழுசு. எது எதற்குப் பின் என்று தெரியாது. ஏட்டெண் இருந்தால் பிழைத்தோம். இல்லையேல் அந்தாதித் தொடையோ, உரையின் எச்சமோ, எழுத்தின் சாயலோ கைகொடுக்க வேண்டும். எங்களுக்கு ஏட்டெண்ணாக அமைந்தது அந்தக் கூற்று எண். ஞாயிறுதோறும் ஓர் இதழை வருடி ஒரே மூச்சில் தட்டில் ஏற்றியிருந்ததால், எண் வரிசைப்படி அடுக்கினால் பெரும்பாலும் பக்க வரிசை வந்தது. அதன்பின் ஆராய்ச்சி. பக்கத் தலைப்பில் இதழ்ப்பெயர் உண்டா? சந்தா அறிவிப்பில் ஆண்டு தெரிகிறதா? இந்தத் தொடர்கதை எந்த மாதத்தில் எட்டாம் அத்தியாயத்தை எட்டியது? ஓர் இதழின் ஆண்டைப் பின்னட்டையில் இருந்த நாடக விளம்பரத்தின் தேதி காட்டிக்கொடுத்தது. இன்னொன்றை, ஒரு கவிஞரின் இறப்புக்கு எழுதப்பட்ட அஞ்சலி. இதைச் செய்யக் கணினி அறிவு வேண்டியதில்லை. சிற்றிதழ் படித்த கண் வேண்டும். ‘தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள்’ என்றார்களே, அந்தத் தெரிந்தவர்கள் யார் என்று இப்போது கேட்கிறோம்.

சில பக்கங்கள் பாதியாக வந்தன. மேற்பாதியில் கவிதையின் தலைப்பும் ஐந்தாறு வரிகளும் தெளிவாக இருக்கின்றன. கீழ்ப்பாதி ஒரே சாம்பல். அந்தச் சாம்பலின்மேல் இப்போது கல்லூரி விழாவின் கோலாட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

இனிச் சொல்லப்போவது எங்கள் மானத்தை வாங்கும் செய்தி. இதைச் சொல்லாமல் வன்தட்டைப் பற்றி மட்டும் பேசி முடித்தால் கட்டுரை பொய்யாகிவிடும்.

2019இல் ஆய்வு மாணவர் ஒருவர் எங்களிடம் வந்தார். எங்கள் சேகரத்தில் இருந்த ஓர் இதழின் முழுத் தொகுதியையும் படியெடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். தரவில்லை. ‘இங்கே உட்கார்ந்து படியுங்கள்’ என்றோம். காரணம் கேட்டிருந்தால் பதிப்புரிமை என்று சொல்லியிருப்போம், உண்மை அதுவன்று. பிறரிடம் இல்லாதது எங்களிடம் இருக்கிறது என்ற இன்பம். அதைப் படியெடுத்துக் கொடுத்தால் அந்த இன்பம் பாதியாகிவிடும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இப்படிப் பூட்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கூட்டங்களில் ‘அது என்னிடம் இருக்கிறது’ என்று ஒரு புன்னகையோடு சொல்வார்கள். அதற்குமேல் பேச்சு நகராது.

அந்த மாணவர் எங்களோடு உட்கார்ந்து நான்கு மாதம் படித்தார், வருடவும் உதவினார். உதவிய நாள்களில் எங்களுக்குத் தெரியாமல் ஒரு பென்டிரைவில் அந்தத் தொகுதியையும் வேறு இரண்டு இதழ்களையும் படியெடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் தட்டு போன செய்தியறிந்து, தயங்கித் தயங்கிப் போன் செய்து, மன்னிப்பும் கேட்டு, அதைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் சேகரத்தில் இன்று பெயரும் வரிசையும் பிசகாமல் முழுமையாக இருப்பவை அந்த மூன்று இதழ்கள் மட்டுமே. நாங்கள் பூட்டிவைத்தது போயிற்று. அவர் களவாடியது நின்றது.

இந்த ஊரில் வாழ்ந்துகொண்டு இதை அறியாமல் இருந்ததற்கு எங்களுக்குச் சாக்கில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பு நமக்கு எப்படிக் கிடைத்தது? 1761 ஜனவரியில் அவர் இறந்த சில நாள்களிலேயே ஊர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டையும் நகரமும் இடிக்கப்பட்டன. அந்தக் குறிப்பேடுகள் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. 1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு அலுவலர் அவற்றைப் படியெடுத்தார். அரியேல் என்ற இன்னொருவர் எடுத்த படி பாரீசுக்குப் போயிற்று. 1904 முதல் 1928 வரை சென்னை அரசு பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. இன்றும் அந்நாட்குறிப்பில் இடைவெளிகள் உண்டு. படியெடுத்தவர்களின் நோக்கத்தையும் அக்காலத்து அதிகாரத்தையும் எவ்வளவு வேண்டுமானாலும் விசாரிக்கலாம், விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் படியெடுத்தார்கள். செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் சுவடிகளைச் சேர்த்ததோடு நில்லாமல், பிற இடங்களில் இருந்தவற்றைத் தாளில் பெயர்த்தெழுத ஆள் வைத்தது. அங்கும் தூரக்கிழக்குப் பள்ளியிலும் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது நாங்கள் பெருமைப்பட்டு இனிப்புக்கூட வழங்கினோம். வழங்கிவிட்டு வீடு திரும்பியவர்கள், ஒரு சேகரம் முழுவதையும் ஒரே தட்டில் வைத்தோம்.

‘இப்போதுதான் கிளவுட் வந்துவிட்டதே, அதில் போட்டால் தீர்ந்தது’ என்கிறார்கள். போடுங்கள்; வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதுவும் யாரோ ஒருவருடைய வன்தட்டுதான், வாடகைக்கு. 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸை மூடியபோது அதை நம்பிக் குடியிருந்த தமிழ்ப் பக்கங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேலும், கணினியில் அடைவொன்றை நீக்கினால் மேகத்திலும் அதைக் கடமை தவறாமல் நீக்கிவைக்கும் ஒத்திசைவுச் சேவைகளை நம்பி ‘பேக்கப் இருக்கிறது’ என்று சொல்வது, தம்பியிடம் கொடுத்த பத்திர நகலை அண்ணன் கிழிக்கும்போது அவனும் கிழித்துவிடுவான் என்பதை அறியாமல் இருப்பது.

பதிப்புரிமை பற்றிய கேள்வி நேர்மையானது, அதைத் தட்டிக்கழிக்கவில்லை. படைப்பாளிகள் பலர் உயிரோடு இருக்கிறார்கள். பொதுவெளியில் ஏற்ற அவர்கள் இசைவு வேண்டும். ஆனால் ஊருக்கெல்லாம் வெளியிடுவது வேறு, நம்பகமான நால்வரிடம் படி வைத்திருப்பது வேறு. இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பி, முதலாவதன் பெயரைச் சொல்லி இரண்டாவதை மறுப்பதைத்தான் நாங்கள் 2019இல் செய்தோம்.

இப்போது ‘இதழ்கள்’ மூன்று தட்டுகளில் இருக்கிறது. ஒன்று அச்சக நண்பரிடம் முத்தியால்பேட்டையில். ஒன்று கடலும் மழைநீரும் எட்டாத உயரத்தில், திருவண்ணாமலையில் ஒரு தோழியின் வீட்டில். மூன்றாவது, கேட்டுக் கிடைக்காமல் களவாடிய அந்த ஆய்வாளரிடம். இந்த முறை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம், அவர் வாங்கிக்கொள்ளும்போது சிரிக்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை. பார்ட்டிஷனை நீக்கிய மாணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். யாரும் அவரைத் திட்டவில்லை. விழாக் காணொளியைப் பற்றி மட்டும் அவ்வப்போது யாராவது கேட்டுவிடுகிறோம்.

பெயர் தெரியாத பக்கங்கள் இன்னும் நானூறுக்குமேல் எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் முப்பது பக்கங்கள் ஒரே இதழின் இரண்டு எண்களைச் சேர்ந்தவை என்று தோன்றுகிறது. எழுபதுகளின் இறுதியாக இருக்கலாம், கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ அச்சடித்த எழுத்து என்று அச்சக நண்பர் அடித்துச் சொல்கிறார். முகப்புப் பக்கம் இல்லை. அந்தக் காலத்துக் காவிரிக்கரைச் சிற்றிதழ்களைக் கையில் வைத்திருப்பவர்கள் எழுதினால், படங்களை அனுப்பிவைக்கிறோம். முழுப் படியையும் அனுப்புவோம்.